கீமோ நாற்காலிக்குப் பயிற்சியைக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி

கடலூரிலும் புதுச்சேரியிலும் எங்களோடு நின்ற எல்லோருக்கும்,

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கான மைண்ட்ஃபுல்னெஸ் (மூச்சையும் உடம்பையும் இந்த நொடியில் உள்ளபடி கவனிக்கும் பயிற்சி) வகுப்பின் இந்தச் சுற்று முடிகிறது. யாருக்கு, எதற்காக நன்றி என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம். அடுத்து நடத்தப்போகிறவர்களுக்கும் பயன்படும்.

1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய இந்தப் பயிற்சி முறைக்கு 8 வாரம் தேவை. வாரம் ஒரு வகுப்பு, இரண்டரை மணி நேரம். வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம். கீமோ மருந்து ஏறிய மூன்றாம் நாள் எழுந்து உட்காரவே முடியாதவரிடம் இதை எப்படிக் கேட்பது?

அதைப் பத்து நிமிடமாகக் குறுக்கித் தந்தவர்கள், கீமோ ஏற்றி அன்றே வீட்டுக்கு அனுப்பும் டே கேர் பிரிவின் சிஸ்டர்கள். ட்ரிப்ஸ் ஏறும் கையை அசைக்காமல், கண்ணைத் திறந்தபடியே பாதத்தில் தொடங்கி முழங்கால், இடுப்பு, முதுகு, தோள், முகம் என்று கவனத்தை நகர்த்த வேண்டும்; ஒவ்வோர் இடத்திலும் மூன்று நான்கு மூச்சு. ஊசி இருக்கும் இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் பயிற்சியை அங்கேயே விட்டுவிட்டு சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். டாக்ஸோரூபிசின் போன்ற கீமோ மருந்து ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையே புண்ணாகிவிடும். வலியைப் பொறுமையாகக் கவனிக்கச் சொல்லும் பயிற்சியில் இந்த எச்சரிக்கை முதலில் வர வேண்டும் என்று நீங்கள் வற்புறுத்தியதை மறக்க மாட்டோம். கீமோவுக்குப் பின் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் தியானம் இல்லை, நேரே ஆஸ்பத்திரி என்று எல்லோருக்கும் சொல்லிவைத்ததும் நீங்கள்தான்.

பிசியோதெரபி தம்பிக்குத் தனி நன்றி. பேக்லிடாக்ஸல் என்ற கீமோ மருந்து எடுப்பவர்களுக்குப் பாதம் மதமதத்துப் போவதால், வெறுங்காலோடு மெல்ல நடக்கும் பயிற்சியில் விழுந்துவிடக்கூடும். செருப்போடு, சுவரோரமாக, ஒரு கை சுவரில் பட நடக்கலாம் என்று மாற்றிக்கொடுத்தார். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து எடுப்பவர்களுக்குக் குளிர்ந்த தரை பட்டாலே சுரீரென்று இழுக்கும், அவர்களுக்கு நாற்காலிதான்.

இடம் கொடுத்த மண்டபத்தார் எங்களுக்காக ஊதுபத்தியை நிறுத்தினார்கள். கீமோவோடு ஒருமுறை சேர்ந்துவிட்ட வாசனை, பிறகு மருந்து ஏறாத நாளிலும் குமட்டலைக் கொண்டுவரும்.

உலர்திராட்சையை மெல்ல மென்று சுவைக்கும் பயிற்சி வாய்ப்புண் உள்ளவருக்கு எரியும். அதற்குப் பதில் ஆறிய கஞ்சி ஒரு ஸ்பூன் போதும் என்றது, அம்மாவுக்குத் துணையாக வந்த ஒரு பெண். விழுங்கவே முடியாதவர் கையில் ஒரு வழுவழுப்பான கூழாங்கல்லைக் கொடுத்தோம்.

நம் ஊர்ப் பேச்சில் குரல் பதிவு செய்து தந்த ஆசிரியை அக்காவுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். விருத்தாசலம் பக்கமிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் வழியிலேயே கேட்கிறார்கள். "நெஞ்சுப் பக்கம் போக மனசில்லைன்னா தோளுக்குப் போயிடுங்கம்மா" என்ற வரி, மார்பை எடுத்த பெண்களுக்காக அவரே சேர்த்தது. மூச்சுத் திணறல் உள்ளவர் மூச்சையே கவனித்தால் பதற்றம் கூடும் என்பதால், ஃபேன் சத்தத்தைக் கேட்கும் தனிப் பதிவும் செய்தார். கரண்டு (கதிர்வீச்சு) வைக்கும்போது முகத்தில் மாஸ்க் போடுவதற்குப் பயப்படுகிறவர்கள், முந்தின நாளே அந்தப் பதிவைக் கேட்டுப் பழகுவது நல்லது.

"இதைச் செய்தால் கீமோ வேண்டாம்தானே?" என்று கேட்ட குடும்பங்களிடம் பொறுமையாகப் பேசியவர்கள், சிகிச்சை முடித்துத் தொண்டர்களாக வந்தவர்கள். இந்தப் பயிற்சி கட்டியைக் கரைக்காது. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும்தான் இதை அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. நாங்கள் சொல்லியிருந்தால் பாடமாகப் போயிருக்கும். நீங்கள் சொன்னதால் நம்பினார்கள். வாழப் பிடிக்கவில்லை என்று யாராவது வாய்விட்டபோது, அன்றைக்கே நேரம் ஒதுக்கிப் பார்த்த மனநல மருத்துவருக்கும் எங்கள் வணக்கம்.

குரல் பதிவுகள் வேண்டுவோர் டே கேர் சிஸ்டர்களிடம் கேளுங்கள், செல்போனில் ஏற்றித் தருவார்கள்.

நன்றியுடன்,
பயிற்சிக் குழுவினர்