குத்தகைதாரருக்கு உள்ள பாதுகாப்புகூட வாசகருக்கு இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடியில் நெடுங்காலம் பத்திர எழுத்தராக இருந்தவன் நான். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பொடி எழுத்து பிடிபடாததால், மகள் ஒரு டேப்லெட்டில் மின்னூல் விற்கும் செயலியை ஏற்றித் தந்தாள். பெரும்பாலும் சோழநாட்டு வரலாறும் பாசனமும் பற்றிய நூல்கள். காசு கொடுத்து வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கிப் படித்து வந்தேன்.

அந்த நிறுவனம் இப்போது கடையை மூடிவிட்டது. ஒரு நூலும் திறக்கவில்லை. கேட்டால், எனக்குக் கொடுத்தது படிப்பதற்கான உரிமம் மட்டும்தானாம். நிபந்தனைகளை ஏற்றுத்தான் பணம் கட்டினேனாம். அந்த நிபந்தனைகள் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் இருக்கின்றன. எழுதிக் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் நான் ஒரு பத்திரத்திலும் கையெழுத்து வாங்கியதில்லை.

கிரையம் வேறு, போக்கியம் வேறு, குத்தகை வேறு. பணம் வாங்கும்போது கிரையம், பொருளைக் கேட்டால் குத்தகை என்று எழுத எந்த முத்திரைத்தாளிலும் இடமில்லை. சரி, குத்தகை என்றே வைத்துக்கொள்வோம். சாகுபடி செய்பவரை நினைத்த நேரத்தில் நிலத்தைவிட்டு இறக்கக் கூடாது என்று எங்கள் பழைய தஞ்சை மாவட்டத்துக்கென்றே 1952இல் சட்டம் வந்தது.

பணத்தைவிட எனக்கு உறைப்பது வேறு. கல்வெட்டில் ஒரு வாய்க்காலின் பெயர் வந்தால், அது நான் எழுதிய பத்திரத்தின் நான்கெல்லையில் எந்தப் பெயரில் வந்தது, பாமணியாற்றிலிருந்து பிரிகிறதா, ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறதா, மனைப்பிரிவாகிவிட்டதா என்று அந்த வரிக்குப் பக்கத்திலேயே குறித்து வைப்பேன். அவை அவர்கள் விற்றவை அல்ல, நான் எழுதியவை. அவற்றையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள்.

மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பியது. குறிப்பு எழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் வரவு வைத்தது. குறிப்புக்கு அது விலையாகுமா என்பது வேறு பேச்சு. கலிபோர்னியாவிலோ, விற்பது உரிமம்தான் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் விற்பனை என்று விளம்பரம் செய்யக் கூடாது என்ற சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது.

நம்மிடமும் சட்டம் இல்லாமலில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்பதை வரையறுத்தே வைத்திருக்கிறது. ஆனால் ஒப்பந்தமே நியாயமற்றது என்று வழக்காட வேண்டுமானால் மாவட்ட ஆணையம் எடுத்துக்கொள்ளாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். சில நூறு ரூபாய் நூலுக்கு யார் போவார்கள்? இது நிறுவனங்களுக்கு நன்றாகவே தெரியும். 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

இவ்வழக்குகளை மாவட்ட ஆணையமே விசாரிக்க வழிசெய்ய வேண்டும். உரிமம்தான் என்றால் பணம் கட்டும் இடத்திலேயே, வாங்குபவரின் மொழியில், பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். கடையை மூடுபவர்கள் வாசகரின் குறிப்புகளை எடுத்துக்கொள்ள அவகாசம் தர வேண்டும். எனக்கு விற்ற நிறுவனத்தார் இதைப் படித்தால், பணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் என் குறிப்புகளை அனுப்பி வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
மன்னார்குடி.