பலூனைப் பற்றியும் கேளுங்கள், டாக்டர்

மயக்க மருந்து மருத்துவர்களுக்கும் தியேட்டர் செவிலியர்களுக்கும்,

வணக்கம். என் மகள் ஸ்பைனா பிஃபிடாவோடு பிறந்தவள். முதுகெலும்பு ஓரிடத்தில் மூடவில்லை. பிறந்த மறுநாளே முதல் ஆபரேஷன். அந்த இடத்தில் முதுகில் பிதுங்கியிருந்த பை நசுங்கக் கூடாது. ஆனால் தொண்டையில் குழாய் இறக்க மல்லாந்து படுக்க வேண்டும். நடுவில் பள்ளம் விட்டு வளையமாகச் சுற்றிய துணியில் கிடத்தியதாக மயக்க டாக்டர் கையைக் குவித்துக் காட்டினார். அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

எழுத வைத்தது ஏழு வயதில் வேறொரு மருத்துவமனையில் நடந்த ஆபரேஷன். அன்றைய பட்டியலில் அவள் நான்காவது. "மருந்து அலர்ஜி உண்டா?" என்றார்கள். இல்லை என்றேன், அது உண்மைதான். தொடங்கி அரை மணி நேரத்தில் நெஞ்சு இறுகி, ரத்த அழுத்தம் விழுந்திருக்கிறது. மூடிய துணியை விலக்கினால் வயிறெல்லாம் தடிப்பு. முதலில் ஆன்டிபயாடிக் மேல்தான் சந்தேகம். அட்ரினலின் கொடுத்துக் காப்பாற்றினார்கள். பிறகு சோதித்ததில் தெரிந்த காரணம், கையுறை ரப்பர்.

நான் மார்த்தாண்டம் பக்கம். அப்பா விடியுமுன் பால்வெட்டப் போவார். சிரட்டையில் சொட்டிய அந்த ரப்பர் பால்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அதிலுள்ள புரதம்தான் பேத்திக்கு ஆகவில்லை என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இது அபூர்வமும் இல்லை. ஸ்பைனா பிஃபிடா உள்ள பிள்ளைகளுக்குக் குழந்தையிலிருந்தே ஆபரேஷன் மேல் ஆபரேஷன். சிறுநீர் எடுக்கத் தினமும் நாலைந்து முறை குழாய். ரப்பர் பட்டுப் பட்டே உடம்பு அதைப் பகையாக எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவச் சாதனங்களையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. 1991-லேயே ரப்பர் அலர்ஜி பற்றி எச்சரித்துவிட்டது.

அதனால் அலர்ஜி உண்டா என்பதோடு நிறுத்தாதீர்கள். பலூன் ஊதினால் உதடு வீங்குமா, வாழைப்பழம், பப்பாளி சாப்பிட்டால் வாய் அரிக்குமா என்று கேளுங்கள். பலூன் வீங்கியது எனக்குத் தெரியும். சொல்ல வேண்டிய விஷயம் என்றுதான் தெரியாது. இல்லை என்றே பதில் வந்தாலும் இவர்களுக்கு ரப்பர் படாத தியேட்டர்தான் நல்லது. காலையில் முதல் ஆளாக எடுங்கள்; முந்தைய ஆபரேஷன்களில் பவுடர் கையுறையை உருவும்போது அந்தப் பவுடர் புரதத்தையும் காற்றில் தூக்கிக்கொண்டு போகும். கையுறை, ரப்பர் பால் சேராத நைட்ரைலாக இருந்தால் மட்டும் போதாது. சிறுநீர்க் குழாய், கையில் கட்டும் பட்டை, எல்லாவற்றையும் பாருங்கள்.

அடுத்த மாதம் தண்டுவடம் ஒட்டியிருப்பதை விடுவிக்கும் ஆபரேஷன். நரம்பைத் தூண்டிப் பார்க்க வேண்டுமாம். அந்த நேரத்தில் தசையைத் தளர்த்தும் மருந்து இருக்கக் கூடாது என்று இப்போதே பேசிவிட்டார்கள். சரி, நல்லது. கோப்பின் மேல் "ரப்பர் ஆகாது" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். தியேட்டர் வாசல் வரைதான் என்னை விடுவார்கள். அங்கே ஸ்ட்ரெச்சரை வாங்கிக்கொள்பவர் அந்த ஒரு வரியை உள்ளே இருப்பவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்