பூச்சியின் கால் ஏவலாள் மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூச்சிகளின் நடை பற்றித் தங்கள் இதழில் சென்ற மாதம் வந்த கட்டுரையை இருமுறை படித்தேன். மூன்று கால்கள் தரையில் ஊன்றி நிற்க, மற்ற மூன்றும் முன்னே எடுத்து வைக்கப்படும் முக்காலி நடையைக் கட்டுரையாளர் எளிமையாக விளக்கியிருந்தார். ஆனால், நரம்பு ஏவுகிறது, கால் செய்கிறது என்று அவர் முடித்துக்கொண்டதில் பாதி உண்மை விடுபட்டுவிட்டது. போடிநாயக்கனூரில் நெடுங்காலம் விலங்கியல் கற்பித்தவள் என்ற முறையில் அந்த மறுபாதியை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் கருத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. வெட்டுக்கிளியின் இறகுகளிலிருந்து வரும் உணர்வு நரம்புகளைத் துண்டித்த பிறகும் பறப்பதற்கான தாளம் நரம்புத்திரளில், அதாவது நரம்பணுக்கள் திரண்ட முடிச்சில், தொடர்வதை 1961-இல் டொனால்ட் வில்சன் காட்டினார். ஆயினும் அந்தத் தாளம் வேகம் குறைந்துபோனது என்பதையும் அதே சோதனைதான் சொன்னது. நடையில் இழப்பு இன்னும் பெரிது. குச்சிப்பூச்சியின் காலிலிருந்து வரும் செய்திகளை நிறுத்திவிட்டு, பைலோகார்பின் என்ற மருந்தால் நரம்புத்திரளைத் தூண்டினால், ஒவ்வொரு மூட்டுக்கும் தனித்தனியே ஒரு தாளம் எழுகிறது. ஒரே காலின் மூட்டுகள்கூட ஒன்றோடொன்று இசைவதில்லை. அவற்றை ஒரு நடையாகக் கோப்பதில் காலிலிருந்து திரும்பி வரும் உணர்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த உணர்வு எங்கே பிறக்கிறது? பதினோராம் வகுப்பில் கரப்பான்பூச்சியின் காலை, உடலை ஒட்டிய பகுதியிலிருந்து நுனி வரை, காக்சா, ட்ரொகாண்டர், ஃபீமர், டிபியா, டார்சஸ் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆண்டுதோறும் ஒப்பிக்கச் செய்தேன். அந்த ட்ரொகாண்டரின் ஓட்டில், உடலின் பாரம் ஏறும்போது ஓடு எவ்வளவு நெளிகிறது என்பதை அளக்கும் நுண்ணிய குமிழ் வடிவ உணர்விகள் உண்டு என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது. 1938-இலேயே பிரிங்கில் என்ற ஆங்கிலேயர் கரப்பான்பூச்சியில் இவற்றின் வேலையைக் கண்டறிந்து எழுதிவிட்டார். பாரம் தாங்கும் கால் தரையை விட்டு எழுவதில்லை. அந்தப் பாரத்தைப் பிற கால்கள் வாங்கிக்கொண்ட பிறகே அது எழுகிறது. தொடைப் பகுதியான ஃபீமரின் உள்ளே இருக்கும் மற்றோர் உறுப்பு, முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, எவ்வளவு வேகமாக மடங்குகிறது என்பதை ஓர் இழையின் வழியாக அறிகிறது.

அந்த இழையை வைத்து உல்ரிச் பேஸ்லர் என்ற ஜெர்மானியர் செய்த சோதனை என்னை மிகவும் ஈர்த்தது. குச்சிப்பூச்சியின் காலில் அந்த இழையை மூட்டின் மறுபக்கத்துக்கு மாற்றிப் பொருத்தினார். கால் நீளும்போதெல்லாம் மடங்குகிறது என்ற பொய்ச்செய்தி நரம்புக்குப் போயிற்று. நடக்கத் தொடங்கிய பூச்சி அந்தக் காலைச் சல்யூட் அடிப்பதுபோல் உயர்த்தியபடி நிறுத்திக்கொண்டது. தசைக்கோ ஏவும் நரம்புக்கோ ஊறில்லை, செய்தி ஒன்றுதான் திரிந்தது. இதைவிட வியப்பானது மற்றொன்று. அசையாமல் நிற்கும் பூச்சியின் மூட்டை நாம் மடக்கினால் அது எதிர்த்து நீட்டப் பார்க்கிறது. அதே பூச்சி சுறுசுறுப்பாக இயங்கும்போது மடக்கினால், எதிர்ப்பை விட்டு, மடங்குவதற்கே துணைபோகிறது. உறுப்பு அனுப்பும் செய்தி ஒன்றே, அதைப் படிக்கும் விதம் வேறு. ஆகவே கால் செய்தி சொல்ல, நரம்பு தான் அப்போது செய்யும் வேலைக்கேற்ப அதைப் பொருள்கொள்ள, இருவழிப் பேச்சாகவே நடை அமைகிறது.

எங்கள் பக்கம் விடியற்காலையில் ஜீப் ஏறிக் கேரள எல்லைக்கு அப்பால் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள், மழையில் வழுக்கும் சரிவில் தலைச்சுமையோடு இறங்கும்போது பாதத்தைப் பார்ப்பதில்லை. கால் ஊன்றிய பிறகே உடலின் பாரத்தை அதன்மேல் இறக்குகிறார்கள். குச்சிப்பூச்சியும் தன் பின்னங்காலை, நடுக்கால் ஏற்கெனவே பிடித்திருக்கும் இடத்துக்கு அருகில் கொண்டுபோய் வைக்கிறது என்று ஹோல்க் க்ரூஸ் 1979-இல் எழுதினார். கண்ணால் தேடாமலே பின்னங்காலுக்குப் பிடிமானம் கிடைத்துவிடுகிறது.

இவ்வளவும் எழுதத் தூண்டியது இன்னொரு காரணம். ஐரோப்பிய ஆய்வகங்களில் பல தலைமுறைகளாக வளரும் அந்தக் குச்சிப்பூச்சி, காராசியஸ் மோரோசஸ், எங்களுக்கு வடகிழக்கே பழனி மலையில் உள்ள செண்பகனூரிலும் திருச்சியிலும் எடுத்த மாதிரிகளைக் கொண்டு 1901-இல் விவரிக்கப்பட்ட இனம். ஆணின்றியே பெண்கள் முட்டையிட்டுப் பெருகுவதால் அதை வளர்ப்பதும் எளிது. கட்டுரையில் ஜெர்மானிய ஆய்வகம் வந்தது, பூச்சியின் ஊர் வரவில்லை. அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தமாவது வெளியிட்டு, காலிலிருந்து வரும் உணர்வையும் செண்பகனூரின் பெயரையும் அதில் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.