மீட்டர் வாங்கும் முன் குழியைத் திறந்து பாருங்கள்

தமிழ்நாட்டு மாநகராட்சி, நகராட்சிகளின் குடிநீர்ப் பிரிவுப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். தண்ணீர் மீட்டருக்கும் அலுவலகக் கணினிக்கும் நடுவே இருக்கும் கம்பியில்லாத் தொடர்பில் வேலை செய்பவன் நான். எந்த நிறுவனத்துக்கும் பரிந்து இதை எழுதவில்லை.

வீட்டு இணைப்புகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் (அளவைத் தானே கம்பியில்லாமல் அனுப்பும் மீட்டர்) பொருத்தும் பேச்சு நம் ஊர்களில் சூடு பிடித்திருக்கிறது. கோவையில் 24 மணி நேரக் குடிநீருக்கு 2018-லேயே ஒப்பந்தம் ஆனது. 2021 அக்டோபரில் தொடங்கிய, நகரக் குடிநீருக்கான மத்திய அரசின் அம்ருத் 2.0 திட்டம், கணக்கில் வராத நீரை (கசிந்தோ, பில் போடப்படாமலோ போகும் நீரை) 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறது. ஆகவே மீட்டர்கள் வரத்தான் போகின்றன. வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. என் கவலையெல்லாம் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களைப் பற்றித்தான். கட்டுப்பாட்டு அறையில் எத்தனை அங்குலத் திரை, வரைபடம் என்ன நிறம், செயலி எந்தெந்தக் கைப்பேசியில் ஓட வேண்டும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். மீட்டர் உட்காரப் போகும் குழியைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம்.

அந்தக் குழியைக் கொஞ்சம் பார்ப்போம். வாசற்படிக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒன்றரை அடிப் பள்ளம், மேலே வார்ப்பிரும்பு மூடி. பல இடங்களில் சாலை போட்டவர்கள் மூடியின் விளிம்புவரை தார் ஊற்றியிருப்பார்கள். கடப்பாரை இல்லாமல் திறக்காது. திறந்தால் சேறு, கரப்பான், முழங்கை ஆழத்துக்குக் கலங்கல் நீர். ஐப்பசி, கார்த்திகையில் குழி நிரம்பி வழியும். மூடியின் மேல் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தியிருப்பார். இதற்குள் இருந்துகொண்டுதான் உங்கள் மீட்டர் நாள்தோறும் பேச வேண்டும். ரேடியோ அலைக்கு ஈரமும் பகை, இரும்பும் பகை. இங்கே இரண்டும் ஒன்றாக இருக்கின்றன.

சிக்னல் கிடைக்காத மீட்டர் சும்மா இருந்துவிடுவதில்லை. குறைந்த மின்சாரத்தில் தொலைதூரத்துக்குச் சிறு செய்திகள் அனுப்பும் லோராவான் என்ற ரேடியோ முறையில், தொடர்பு பலவீனமானால் கருவி மெதுவாகப் பேசத் தொடங்கும். நல்ல இடத்தில் இருக்கும் மீட்டர் இருபது பைட் செய்தியை நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் அனுப்பிவிடும். ஆழக்குழியில் கிடப்பதற்கு அதே செய்தியை அனுப்ப ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். இருபது மடங்குக்கும் மேலான நேரம், அந்த நேரம் முழுவதும் மின்கலம் கரைகிறது. கைப்பேசிக் கோபுரங்கள் வழியாகக் கருவிகளைப் பேச வைக்கும், கைப்பேசி நிறுவனங்களின் என்பி-ஐஓடி முறையிலும் கதை இதுதான். தொடர்பு மோசமான இடத்தில் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும், 128 முறை வரைகூட. எனவே "மின்கலம் பத்து ஆண்டு உழைக்கும்" என்று ஒப்பந்ததாரர் எழுதித் தரும்போது, எந்த வேகத்தில், ஒரு நாளைக்கு எத்தனை செய்தி அனுப்பினால், எந்த வெப்பநிலையில் என்று கேளுங்கள். மேசைமேல் வைத்துப் போட்ட கணக்கு குழிக்குள் செல்லாது. இந்த மீட்டர்களில் இருப்பது பெரும்பாலும் லித்தியம் தயோனைல் குளோரைடு மின்கலம். அதை மறுபடி மின்னேற்ற முடியாது, பல வடிவமைப்புகளில் மாற்றவும் முடியாது. தீர்ந்தால் மீட்டரையே கழற்றி எறிய வேண்டியதுதான்.

மணிக்கொரு முறை அளவெடுத்து உள்ளேயே சேர்த்து வைத்து, 24 அளவுகளையும் நாளுக்கு ஒரே செய்தியாக அனுப்பினால் போதும். கசிவு கண்டுபிடிக்கவும் பில் போடவும் இதற்கு மேல் தேவையில்லை. "நிகழ்நேரத் தரவு" என்று ஆவணத்தில் எழுதுவது கேட்க நன்றாக இருக்கும். ஒரு வீட்டின் தண்ணீரைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து யார் என்ன செய்யப் போகிறோம்?

அலைவரிசை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை 2005-இல் திறந்துவிட்டார்கள். 2021-இல் அதை 868 வரை நீட்டினார்கள். ஐரோப்பாவில் பரவலாக இருக்கும் வயர்லெஸ் எம்-பஸ் (மீட்டர்களுக்கென்றே உள்ள ஐரோப்பிய ரேடியோ முறை) மீட்டர்கள் பேசுவதோ 868.3, 868.95 மெகாஹெர்ட்ஸில். அதாவது நமது எல்லைக்கு ஒரு முழம் வெளியே. விவரப்பட்டியலில் "868 மெகாஹெர்ட்ஸ்" என்று பொதுவாக எழுதிவிட்டு ஐரோப்பியச் சரக்கை அப்படியே இறக்கினால், அது இங்கே உரிமமின்றி இயங்கக் கூடாத கருவி ஆகிவிடும். இந்திய அலைவரிசைக்கு மாற்றிய பதிப்பு என்று எழுத்தில் வாங்குங்கள், சான்றிதழையும் பாருங்கள். இது அரை வரி வேலை.

ரேடியோவைச் சரி செய்தாலும், மீட்டர் சொல்லும் எண் சரியாக இருக்க வேண்டுமே. நமக்கே உரிய தலைவலி இங்கேதான் இருக்கிறது. உலகத்தில் வீட்டு மீட்டர்கள் பெரும்பாலும் எப்போதும் நீர் நிறைந்திருக்கும் குழாய்க்காக வடிவமைக்கப்பட்டவை. நம் தெருக்களில் நீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில மணி நேரம் வருகிறது. மற்ற நேரத்தில் குழாயில் இருப்பது காற்று. வால்வு திறந்ததும் அந்தக் காற்று "உஸ்" என்று வீடுகள் வழியாகத்தான் வெளியேறும். நீர் வரும் முன்பே மீட்டர் முகப்பில் இருக்கும் சின்னச் சிவப்புச் சக்கரம் கிறுகிறுவென்று சுற்றுவதை உங்கள் களப்பணியாளர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். காற்றாலை போலச் சுற்றும் அந்தச் சக்கரத்துக்குக் காற்றும் நீரும் ஒன்றுதான். அந்த எண்ணைக் கம்பியில்லாமல், மறைகுறியாக்கம் செய்து, கிளவுடில் ஏற்றினாலும் அது காற்றுக்குப் போட்ட பில்தான். மீட்டர் ஸ்மார்ட் ஆனதும் மக்களின் சந்தேகம் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள், கூடும். காதுக்கு எட்டாத ஒலியலையால் ஓட்டத்தை அளக்கும் மீயொலி மீட்டர்களில் சுழலும் பாகம் கிடையாது. குழாய் காலியாக இருப்பதை உணர்ந்து எண்ணுவதை நிறுத்தும் வகைகள் இருக்கின்றன. விலை அதிகம். ஆனால் இடைவெளி விட்டு நீர் தரும் ஊருக்கு அந்த அம்சத்தைக் கட்டாயமாக்குவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பிரதானக் குழாய்களில் காற்றை வெளியேற்றும் ஏர் வால்வுகள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடலாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பந்து வால்வு வைத்த தொட்டி நிரம்பும் கடைசிக் கட்டத்தில் நீர் நூலாகத்தான் ஒழுகும். 15 மி.மீ. மீட்டர் தொடர்ந்து தாங்கும் ஓட்டம் மணிக்கு 2,500 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மீட்டர் சரியாக அளக்கும் மிகக் குறைந்த ஓட்டத்தால் வகுத்தால் வருவது ஆர் எண். அது 80 என்றால், துல்லியத்துக்கு அது பொறுப்பேற்கும் மிகக் குறைந்த ஓட்டம் மணிக்கு 31 லிட்டர். ஆர் எண் 160 என்றால் ஏறக்குறைய 16 லிட்டர். அதற்குக் கீழே ஓடுவது எண்ணப்பட்டாலும் படலாம், படாமலும் போகலாம். 24 மணி நேர விநியோகத்துக்கு மாறும் ஊர்களில் வாரியத்தின் வருமானம் இந்த ஓர் எண்ணில்தான் தொங்குகிறது. விலைப்புள்ளியில் மிகக் குறைந்த தொகை கேட்டவருக்கே கொடுப்பது என்று போனால், மிகக் குறைந்த ஆர் எண்தான் வந்து சேரும்.

இனி, வரிசையைப் பற்றிய என் மாறுபட்ட கருத்து. வீட்டு மீட்டர் கடைசியில் வரட்டும். முதல் மீட்டர்கள் மேல்நிலைத் தொட்டியின் வெளிவாயிலும், ஒவ்வொரு விநியோகப் பகுதியின் நுழைவாயிலும் இருக்க வேண்டும். கூடவே பகுதியின் கடைக்கோடியில் ஓர் அழுத்தமானி. ஒரு நகரத்துக்கு இவை சில நூறு கருவிகள்தான், வீட்டு மீட்டர்கள் லட்சக்கணக்கில். தொட்டியிலிருந்து எவ்வளவு புறப்பட்டது, பகுதிக்குள் எவ்வளவு நுழைந்தது என்று தெரியாமல் வீட்டில் மட்டும் எண்ணினால், நடுவே காணாமல் போன நீர் யார் கணக்கில் போகும்? சாலைக்கடியில் உடைந்த குழாயை வீட்டு மீட்டர் ஒருநாளும் காட்டாது.

கசிவைக் கண்டுபிடிக்க இரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை நுழைவாயில் ஓட்டத்தைப் பார் என்று பாடநூல்கள் சொல்லும். ஊர் தூங்கும்போது ஓடும் நீரில் பெரும்பகுதி கசிவு என்பது கணக்கு. நம் ஊரில் இது அப்படியே பலிக்காது; நள்ளிரவில் நீர் விட்டால் தெரு முழுவதும் விழித்திருந்து தரைத்தொட்டியை நிரப்பும், சிலர் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுவார்கள். ஒரு பகுதியின் எல்லை வால்வுகளை இறுக மூடி, எல்லாத் தொட்டிகளும் நிரம்பிய பின்பும் ஒன்றிரண்டு மணி நேரம் அழுத்தத்தை விடாமல் வைத்துப் பார்த்தால்தான் கசிவின் அளவு வெளியே வரும். அதற்கு எந்த வால்வு உண்மையில் மூடுகிறது, எது மூடுவதுபோல் நடிக்கிறது என்று தெரிய வேண்டும். அது வரைபடத்தில் இருக்காது, வால்வு திறக்கும் ஊழியருக்குத்தான் தெரியும். கட்டுப்பாட்டு அறை ஆலோசனைக் கூட்டங்களில் அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

ஒடிசாவின் பூரியில் 2021 ஜூலையில் நகரம் முழுவதும் குழாயிலிருந்தே நேராகக் குடிக்கும்படி 24 மணி நேர விநியோகத்தைக் கொண்டுவந்தார்கள். நீர் நிற்காமல் வரும் இடத்தில் மீட்டருக்கு மரியாதை தானே வரும். லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும் தெருவில் அது வராது.

ஆவணத்தில் வழக்கமாக விடுபட்டுப்போகும் இன்னொன்று சாவி. ஒவ்வொரு மீட்டருக்கும் தனியாக ஒரு 128 பிட் மறைகுறியீட்டுச் சாவி உண்டு. அது இல்லாமல் அந்த மீட்டர் அனுப்புவதை யாரும் படிக்க முடியாது. சாவிகள் ஒப்பந்ததாரரின் சர்வரில் மட்டும் இருந்தால், ஒப்பந்தம் முடியும் நாளில் உங்கள் குழிகளில் இருக்கும் அத்தனை மீட்டர்களும் ஊமை. அப்புறம் அவர் சொன்ன விலைக்குத்தான் நீட்டிப்பு. மீட்டர் பொருத்தப்படும் அன்றே அதன் சாவியும், செய்தியைப் பிரித்துப் படிக்கும் முறையும் மாநகராட்சியின் கைக்கு வர வேண்டும் என்பதைப் பணப்பட்டுவாடாவோடு இணைத்துவிடுங்கள்.

மணிக்கணக்கான நீர் அளவைப் பார்த்தால் வீட்டில் ஆள் இருக்கிறார்களா, எப்போது ஊருக்குப் போனார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். திருடனுக்கு இதைவிட நல்ல தகவல் கிடைக்காது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று நீங்களே இப்போது முடிவு செய்துவிடுவது நல்லது. அலுவலகத்தில் இருந்தபடியே இணைப்பைத் துண்டிக்கும் வால்வு வைத்த மீட்டர்களையும் விற்க வருவார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். பாக்கி வைத்த வீட்டிலும் கைக்குழந்தை இருக்கும். துண்டிக்க வேண்டிய கட்டாயம் வந்தால், ஒரு மனிதர் நேரில் போய்க் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுத் துண்டிக்கட்டும்.

நான் கேட்பது இதுதான். லட்சக்கணக்கில் வாங்கும் முன், உங்கள் ஊரில் மிக மோசமான ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். தாழ்வான இடம், இரும்பு மூடி, குறுகலான சந்து. போட்டியிடும் ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தச் செலவில் அங்கே நூறு மீட்டர்களைப் பொருத்தட்டும். ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் அவை குழிக்குள் கிடக்கட்டும். தினமும் எத்தனை மீட்டர்கள் பேசின, எந்த வேகத்தில் பேசின, மின்கலம் எவ்வளவு கரைந்தது, கையால் எடுத்த அளவோடு எவ்வளவு ஒத்துப்போயின என்று குறித்து, அந்த எண்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். ஒப்பந்தப்புள்ளியின் வரைவையும் ஒரு மாதம் வெளியில் வையுங்கள். படித்துப் பார்த்துக் குறை சொல்ல என்னைப் போன்றவர்கள் கூலி கேட்க மாட்டோம். செப்டம்பருக்குள் மீட்டர்கள் குழிக்குள் இறங்கிவிட்டால், பொங்கலுக்குள் யாரிடம் வாங்கலாம், யாரிடம் கூடாது என்பது உங்கள் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடிநீர் மீட்டர் தொழிலில் இருக்கும் ஒரு பொறியாளன்