ஐஸ் வேண்டாம், மக்களே

இரணியல்
ஞாயிறு இரவு

அன்பு மக்களே,

நீ அனுப்பிய படமெல்லாம் வந்தது. பாங்காக்கில் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி, நீ தூங்கியிருப்பாய் என்றுதான் போன் பண்ணவில்லை. அதுவும் பொய்தான். போனில் பேசினால் சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அத்தோடு தீர்ந்துவிடுகிறது. அதனால் பழைய கணக்கு நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன். நானே போட்டோ எடுத்து அனுப்புவேன். அம்மாவுக்குக் காட்டப்போவதில்லை.

முதலில் ஐஸ். ரோட்டோரத்தில் எது குடித்தாலும் ஐஸ் போடாமல் வாங்கிக் குடி. பன்னிரண்டாம் வகுப்பில் மஞ்சள்காமாலை வந்து கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தது உனக்கு மறந்திருக்கும். நடுவில் ஓட்டை உள்ள ஐஸ் ஃபேக்டரியில் செய்தது, பயமில்லை என்றாய். ஓட்டை வழியாகக் கிருமி இறங்கிப் போய்விடுமா என்று அம்மா கேட்கிறாள்.

அங்கே சைனாடவுன் யாவராத் தெருவில் சாயங்காலமானதும் ரோட்டிலேயே அடுப்பைக் கொண்டு வைத்துவிடுகிறார்களே, அந்த வீடியோவை நாலு தடவை பார்த்தேன். திங்கள்கிழமை மட்டும் பலபேர் கடை போடமாட்டார்கள் என்று சொன்னாய். இங்கே பக்கத்து ஊருக்கே திங்கள்சந்தை என்று பேர், அங்கே திங்களுக்கு லீவு. அம்மா நன்றாகச் சிரித்தாள். கூடையில் தவளை விற்கிற படம் மட்டும் அவள் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

பூச்சந்தை அப்படியே நம் தோவாளை. அங்கேயும் ராத்திரியில்தான் கூட்டம் போல. மாலையை அவர்களும் 'புவாங் மாலை' என்றுதான் சொல்கிறார்கள் என்றதும் ஏதோ சொந்தக்காரன் வீட்டைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. ஆனால் அவர்கள் நாரில் கட்டவில்லை, நீள ஊசியில் கோர்க்கிறார்கள். கவனித்தாயா?

அந்த ஓ தோ கோ சந்தையைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். இருபது வருஷம் வாழைக்குலையோடு கிடந்தவன் நான், பழம் அடுக்கியிருப்பதைப் பார்த்தாலே வியாபாரியைச் சொல்லிவிடுவேன். அவர்கள் கெட்டிக்காரர்கள். அடிபட்ட பழம் ஒன்றுகூட முன்னால் இல்லை. 'க்லுவாய் காய்' என்றால் முட்டை வாழை என்று அர்த்தமாம், உருண்டையாக, சின்னதாக, பார்க்க நம் மட்டி வாழைக்குத் தங்கச்சி மாதிரி இருக்கிறது. மணம் படத்தில் வராதே. வீட்டில் மட்டி பழுத்தால் முற்றத்தில் நிற்கிறவனுக்குத் தெரிந்துவிடும். 2023-இல் நம் மட்டிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், அங்கே யாராவது கேட்டால் சொல். அப்புறம், அரைப்பழுப்பில் தோலை உரித்துக் கரியில் சுட்டு விற்கிறார்களே, அது எனக்குப் பிடித்தது. எண்ணெய் இல்லை. நம் ஆளாக இருந்தால் அதை மாவில் முக்கிப் பழம்பொரி ஆக்கியிருப்பான்.

வெல்டிங்காரர் மாதிரி கண்ணாடி மாட்டிக்கொண்டு நண்டு ஆம்லெட் போடுகிற ஜே ஃபாய் அம்மாவைப் பற்றியும் சொன்னாய். தெருக்கடை வைத்திருந்து 2017-இல் நல்ல சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிற மிச்லின் நட்சத்திரம் வாங்கிய கை, மரியாதைதான். ஆனால் ஒரு ஆம்லெட் அந்த ஊர்க் காசுக்கு ஆயிரம் பாத்துக்கு மேலே! நம் காசுக்கு இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது. உன் காசு, உன் வாய், நான் ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருப்பது எத்தனை நாளுக்கு வரும் என்று மட்டும் எண்ணிப் பார்த்துக்கொள்.

மேற்கு வீட்டு மாமா வந்திருந்தார். "ஒரு மாசம் லீவு எந்தக் கம்பெனியில தருவான்?" என்றார். சேர்த்து வைத்திருந்த லீவு என்று சொல்லிவிட்டேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சாயா போடச் சொன்னேன். உன்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஐஸ் மட்டும் வேண்டாம்.

நான்கு நாளாக என் போனில் ஒரே படம்தான். க்லோங் தோய் சந்தை, விடிவதற்கு முன்னால், தரையெல்லாம் தண்ணீர், ஒரு ஆள் கூடை கூடையாக அடுக்கிய வண்டியை இழுத்துக்கொண்டு போகிறான். நீ அவன் முதுகைத்தான் எடுத்திருக்கிறாய். முன்னால் போய் நின்று எடுத்திருக்கலாம், நூறு படம் எடுக்கிறவன் நீ. ஏன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். நான் முன்பணம் கொடுத்திருந்த ஏத்தன் வாழைத் தோட்டம் அத்தனையும் ஒரே பகலில் படுத்துவிட்டது. அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஐந்து மாசம் நான் மண்டியில் கணக்கு எழுதினேன் என்றுதான் அம்மாவுக்குத் தெரியும், இன்றைக்கும் அப்படித்தான். கணக்கு எழுதவில்லை மக்களே. சுமடு தூக்கினேன். என்னிடம் குலை எடுத்தவர்களுக்கே தூக்கினேன். காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவேன், அங்கே கழற்றி ஒரு ஆணியில் மாட்டிவிட்டு, துண்டைச் சும்மாடு கட்டிக்கொள்வேன்.

நீ காலேஜ் முதல் வருஷம். கூட்டாளிகள் நாலு பேரோடு சாயாக்கடை வாசலில் நின்றாய். என் தலையில் ஏத்தன் குலை. நீ என்னைப் பார்த்தாய். உன் கால் ஒரு எட்டு முன்னால் வந்தது, அதைக் கண்டேன். நான் குலையை இடது பக்கமாகச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு திரும்பிப் போனேன். குலையில் கறை வடிந்து கழுத்தில் இறங்கியது. அந்தச் சட்டைக் காலரில் கறை எப்படி வந்தது என்று அம்மா கேட்டாள், பேனா மை என்றேன். வாழைக்கறையையும் மையையும் பிரித்தறியாதவளா அவள்? தெரியவில்லை.

உனக்கு அவமானம் வரக்கூடாது என்றுதான் திரும்பினேன் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்காக இல்லை. எனக்காகத்தான். நீ வந்து குலையின் மறு பக்கத்தைப் பிடித்திருப்பாய். அன்று ராத்திரி உன் வட்டிலில் இருந்த சாளை மீனை ஒன்றும் சொல்லாமல் எனக்கு நகர்த்தினாய், நான் வாங்கித் தின்றேன். அதற்குப் பிறகு நீயும் என்னிடம் எதையும் சொல்வதில்லை. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் யாரைப் போய்க் கேட்பேன்?

சரி. ஓணம் வருகிறது, ஏத்தன் விலை ஏறியிருக்கிறது. பின்பக்கம் மட்டி ஒன்று குலை தள்ளியிருக்கிறது, முட்டு கொடுத்திருக்கிறேன். வருகிற நாளை மட்டும் எழுது. திருவனந்தபுரத்தில் இறங்கினால் ராத்திரி எத்தனை மணியானாலும் நான் வந்து நிற்பேன். பெட்டி கனமாக இருந்தாலும் பரவாயில்லை.

மாமாவிடம் சேர்த்து வைத்த லீவு என்று சொல்லியிருக்கிறேன். கேட்டால் நீயும் அதையே சொல். என்னிடம் அதைச் சொல்ல வேண்டாம்.

அப்பா