ஜப்பானில் வீகன் சாப்பாடு: பயணம் பதிவு செய்தவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஜப்பான் பயணத்துக்குப் பதிவு செய்தவர்களில் வீகன் உணவுக்காரர்கள் (இறைச்சி, மீன் மட்டுமல்ல, பால், முட்டைகூடச் சாப்பிடாதவர்கள்) பலர். "டோஃபு, காய்கறி, சோறு எல்லாம் அங்கே தாராளமாகக் கிடைக்குமே, அப்புறம் என்ன?" என்று கேட்கிறீர்கள். கிடைக்கும்தான். ஆனால் அதை எந்தச் சாற்றில் வேகவைத்தார்கள் என்பதில்தான் சிக்கல். புறப்படும் முன்பே இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படை தாஷி எனும் சாறு. பெரும்பாலும் கொம்பு என்ற காய்ந்த கடற்பாசியும் கத்சுவோபுஷி என்ற மீன்சீவலும் சேர்த்து எடுப்பது. நம் தென்கடற்கரையிலும் இலங்கையிலும் மாசி செய்கிறார்களே, அதே சூரை இனம்தான். புகையூட்டி, கட்டை மாதிரி இறுகும்வரை காயவைத்து, இழைப்புளியில் இழைத்த மரத்தூள் சுருளைப் போல மெல்லிசாகச் சீவுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 கிராம் போட்டு வடிகட்டிவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மிசோ சூப், உதோன் (கோதுமை நூடுல்ஸ்) சாறு, சோபாவுக்கு (பக்வீட் மாவு நூடுல்ஸ்) தொட்டுக்கொள்ளும் ட்சுயு, வேகவைத்த பூசணி, ஊறவைத்த கீரை என்று எல்லாவற்றிலும் இது இருக்கும். பரிமாறுபவர் "மீன் இல்லை" என்பது பொய்யல்ல. நம் வீட்டு ரசத்தில் பெருங்காயம் இருப்பதை யார் எடுத்துச் சொல்கிறார்கள்? அவர்களுக்குத் தாஷியும் அப்படித்தான்.

அலர்ஜி அட்டவணையை நம்பி ஏமாறாதீர்கள். ஜப்பானில் பாக்கெட் உணவில் கட்டாயம் குறிப்பிட வேண்டியவை முட்டை, பால், கோதுமை, சோபா (பக்வீட்), நிலக்கடலை, இறால், நண்டு, வால்நட் போன்றவை. உணவகங்களின் அட்டவணைகளும் பெரும்பாலும் இதையொட்டியவையே. கத்சுவோ மீன் இந்தப் பட்டியலில் இல்லை. முட்டையும் பாலும் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் அது உதவும்.

"வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். பொருளின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்: "நிக்கு, சக்கனா, தமகோ, கியூனியூ, கத்சுவோ தாஷி வா தபேராரேமசென்." இறைச்சி, மீன், முட்டை, பால், மீன்சாறு சாப்பிட முடியாது என்று அர்த்தம். தாஷியில் வரும் தா, 'தானம்' என்பதில் வருவது போல. பிறகு "கொம்பு தாஷி நாரா தைஜோபு தெசு" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்பாசிச் சாறு என்றால் பரவாயில்லை என்று பொருள். இந்த இரண்டு வரிகளையும் ஜப்பானிய எழுத்தில் அச்சிட்ட அட்டை உங்கள் பயண உறையில் இருக்கும். வாயால் சொல்வதைவிட அட்டையைக் காட்டுவது நல்லது, சமையலறை வரைக்கும் அது போகும். பதிலுக்கு "சொத்தோ முசுகஷீ" என்று இழுத்தால், "கொஞ்சம் கஷ்டம்" என்று சொல் இருந்தாலும் பொருள் 'முடியாது' என்பதுதான். வற்புறுத்தாமல் நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள்.

மேலே தூவியதை நீக்கச் சொல்லலாம், சாற்றில் கலந்ததை நீக்க முடியாது. குளிர்ந்த டோஃபுவில் தூவும் சீவலுக்கு "கத்சுவோபுஷி நுக்கி" என்றால் போதும். ஆனால் தாஷியும் ட்சுயுவும் கடை திறக்கும் முன்பே தயாராகிவிடும், உங்களுக்கென்று தனியாகச் செய்ய நேரம் இருக்காது.

நம்பிச் சாப்பிடக்கூடியவற்றுக்கு வருவோம். ஜாரு சோபா எனும் குளிர்ந்த சோபாவில் நூடுல்ஸ் வெறும் சோபா மாவும் கோதுமை மாவும்தான். ட்சுயுவை ஒதுக்கிவிட்டு உப்பு அல்லது ஷோயு (சோயா சாஸ்) கேளுங்கள். மேசைப் புட்டியில் 'தாஷி ஷோயு' என்றிருந்தால் அது வேண்டாம், மீன் கலந்தது. கடைசியில் நூடுல்ஸ் வெந்த தண்ணீரைக் கெட்டிலில் தருவார்கள், சோபாயு என்று பெயர். வடித்த கஞ்சி போல வெண்மையாக இருக்கும். இரண்டு சொட்டு ஷோயு விட்டுக் குடித்தால் வயிற்றுக்கு இதம்.

சுஷியில் வெள்ளரி வைத்த கப்பா மாகி, புளிப்பு உமே பழமும் ஷிசோ இலையும் வைத்த உமே ஷிசோ மாகி இரண்டும் பெரும்பாலும் சரிவரும். ஆயத்த சுஷி வினிகர் சிலவற்றில் மீன்சாரம் உண்டு, ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இனாரியின் டோஃபுப் பையைப் பெரும்பாலும் தாஷியில் கொதிக்கவைப்பார்கள், தவிர்க்கவும். காய்கறி டெம்புராவின் மாவில் முட்டை இருப்பது வழக்கம், எண்ணெயும் இறால் பொரித்ததாக இருக்கலாம். கியோத்தோவின் நான்ஸென்ஜி கோயில் பக்கம் யுதோஃபு (வெந்நீரில் சூடாக்கிய டோஃபு) பிரபலம். பானையில் தண்ணீர், கொம்பு, டோஃபு மட்டும் இருந்தாலும், தொட்டுக்கொள்ளும் சாறு தாஷிதான். அதற்கும் ஷோயு கேளுங்கள்.

எந்தக் கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்து சாப்பிட ஆசையிருந்தால் ஷோஜின் ரியோரிக்குப் போங்கள். பௌத்தக் கோயில் சமையல், வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. மீனுக்குப் பதில் கொம்புவும் காய்ந்த ஷிடாகே காளானும் சாற்றுக்குச் சேரும். சுவை ஒன்றும் குறையாது. கொம்புவின் குளுட்டமேட்தான் அந்த ருசிக்குக் காரணம் என்று இகேதா கிகுனே 1908இல் கண்டறிந்தார். மீன்சீவலைப் போலவே ஷிடாகேயும் அந்த ருசியைப் பல மடங்கு தூக்கிக் காட்டும். கியோத்தோ அராஷியாமாவில் தென்ரியூஜி கோயிலின் ஷிகெத்சு உணவகத்தில் மதிய உணவு உண்டு. கோயாசான் மலையில் 50க்கும் மேற்பட்ட கோயில்கள் தங்கவைத்து உணவும் தருகின்றன. அங்கே கோமாதோஃபுவைத் தவறவிடாதீர்கள். எள்ளை அரைத்துக் குஸு என்ற கிழங்கு மாவோடு கிண்டிக் குளிரவைத்தது, கரண்டி பட்டால் தளதளவென்று ஆடும். ஆனால் ஊர்க் கடைகளில் 'ஷோஜின் பாணி' என்றிருந்தால் தாஷியைக் கேட்காமல் உட்காராதீர்கள்.

தோக்கியோ ரயில் நிலையத்தில் டிக்கெட் கேட்டுக்கு உள்ளே, கெய்யோ லைன் பக்கம் டீஸ் தான்தான் என்ற உணவகம் இருக்கிறது. எள் சாற்றில் முழு வீகன் ராமென். கேட்டைத் தாண்டி வெளியே போய்விட்டுப் பிறகு தேடாதீர்கள்.

இனிப்புக்குக் கவலையில்லை. யோகான் என்ற ஜெல்லி இனிப்பு நம் சைனா கிராஸில் செய்தது. வராபிமோச்சி என்ற மாவு இனிப்பும் ஏற்றதுதான். ஆனால் தோராயாகி போன்ற கேக் வகைகளில் முட்டை இருக்கும்.

ரியோகான் என்ற ஜப்பானியப் பாரம்பரிய விடுதியில் தங்குபவர்கள் இரவு உணவு விவரத்தை முன்பதிவிலேயே சொல்லியாக வேண்டும், வாசலில் போய்ச் சொன்னால் மாற்ற மாட்டார்கள். ஆகவே முட்டை, பால், தேன், வெங்காயம், பூண்டு இவற்றில் எது எது கூடாது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதி, புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பாக எங்களுக்கு அனுப்பிவையுங்கள். "சைவம்" என்று ஒரே சொல்லில் எழுதி அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்