சர்க்கரை சென்சார் தயாரிப்பாளர்களுக்கு: உங்கள் அபாய ஒலி எங்கள் காதில் விழவில்லை

சென்சார் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். எனக்கு வயது 73. இன்சுலின் போடத் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. சர்க்கரையை இரவு பகலாக அளந்து கைப்பேசிக்கு அனுப்பும், இறங்கினால் ஒலி எழுப்பும் உங்கள் சென்சாரை மேல்கையில் ஒட்டிக்கொண்ட பிறகுதான், குத்திக் குத்திக் காய்ப்பு ஏறிய என் விரல் நுனிகளுக்கு ஓய்வு கிடைத்தது. அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் பின்னிரவில் எனக்குச் சர்க்கரை 52-க்கு இறங்கிவிட்டது. தலைமாட்டில் இருந்த கைப்பேசி அலறியிருக்கிறது. அடுத்த அறையில் படுத்திருந்த மருமகள் ஓடிவந்து உலுக்கித்தான் எழுப்பினாள். தலையணை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. காலையில், காதுக்கருவி மாட்டாமல், அதே ஒலியைத் திரும்ப வைக்கச் சொன்னேன். மேசை மேல் கைப்பேசி அதிர்ந்தது, திரை மின்னியது, அவ்வளவுதான். “சத்தம் வருதாம்மா?” என்று கேட்டேன். “காதைக் கிழிக்குது மாமா” என்றாள்.

வயதானால் காது முதலில் இழப்பது கீச்சென்ற ஒலிகளைத்தான். நீங்கள் வைத்திருப்பதும் அந்தக் கீச்சொலிதான். காதுக்கருவியை மாட்டிக்கொண்டு யாரும் தூங்குவதும் இல்லை. நீண்ட நாள் சர்க்கரை இருந்தவர்களுக்கு, சர்க்கரை இறங்கும்போது வரும் கை நடுக்கம், படபடப்பு போன்ற உடம்பின் சொந்த எச்சரிக்கையும் மழுங்கிப்போகலாம். எங்களுக்கு மிச்சம் இருப்பது உங்கள் ஒலி ஒன்றுதான்.

கருவி பயனற்றது என்று சொல்லவில்லை. 60 வயது தாண்டிய, முதல் வகை நீரிழிவு உள்ள 203 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. சென்சார் அணிந்தவர்கள் சர்க்கரை 70-க்குக் கீழே, அதாவது ஆபத்தான அளவுக்கு இறங்கிய நிலையில், கழித்த நேரம் நாளுக்கு 73 நிமிடத்திலிருந்து 39 ஆகக் குறைந்தது. ஆனால் முதியவர்களுக்கு அது ஒரு சதவீதத்துக்குள், அதாவது நாளுக்குக் கால் மணி நேரத்துக்குள், இருக்க வேண்டும் என்கிறது 2019-ன் சர்வதேச வழிகாட்டுதல். அந்த மீதி தூரத்தைக் கடக்க, இரவில் எங்களை எழுப்பியாக வேண்டும்.

அதனால் கேட்கிறேன்: கனத்த, தாழ்ந்த குரலில் ஓர் ஒலி வையுங்கள். தலையணைக்கடியில் வைத்தால் அதிரும் தனிக்கருவி ஒன்று கொடுங்கள். கைப்பேசியை மட்டும் நம்ப முடியாது. மென்பொருள் புதுப்பித்தாலோ, புளூடூத் கருவி எதையாவது இணைத்தாலோ எச்சரிக்கை வராமல் போகலாம் என்று 2025 பிப்ரவரியில், மருந்தையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வே எச்சரித்திருக்கிறது.

இன்னொன்று. சென்சார் இருக்கும் கையை அழுத்திப் படுத்தால், இல்லாத லோ சுகரை (சர்க்கரை இறங்கியதாக) அது காட்டலாம். இதைப் பெட்டிக்குள் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். பொய் ஒலி கேட்டுச் சலித்துப்போய் எச்சரிக்கையையே அணைத்துவிட்ட என் வயதுக்காரர்களை எனக்குத் தெரியும்.

புதிய ஒலியைச் சோதிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கிறேன். அடித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சென்சார் அணிந்த முதியவன்